‘தி பேர்’ எந்த ஆண்டுத் தொடர்? 2024 பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததன் பின்னணி

2024 ஜனவரி 7ஆம் தேதி நடந்த கோல்டன் குளோப் விழாவில் ‘தி பேர்’ என்ற அமெரிக்கத் தொடர் சிறந்த நகைச்சுவைத் தொடராகத் தேர்வானது. எட்டு நாள் கழித்து, 15ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விழாவிலும் அதே தொடருக்கு அதே விருது. ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பரிசு என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் முன்னால் வந்த விருது இரண்டாம் சீசனுக்கு, பின்னால் வந்த விருது முதல் சீசனுக்கு.

குழப்பம் அத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் மூன்றாம் சீசன் வெளியானது. செப்டம்பரில் மறுபடியும் எம்மி விழா. அதில் போட்டியிட்டதோ இரண்டாம் சீசன். சிறந்த நகைச்சுவைத் தொடர் விருது அந்த முறை ‘ஹாக்ஸ்’ என்ற வேறொரு தொடரின் கைக்குப் போனது. டிசம்பரில் யாராவது ‘2024இல் எனக்குப் பிடித்த தொடர்கள்’ என்று பட்டியல் போட்டு அதில் ‘தி பேர்’ பெயரைச் சேர்த்திருந்தால், அது மூன்றாம் சீசனைக் குறிக்கும். ஒரே ஆண்டில் ஒரே பெயரில் மூன்று வேறு வேறு படைப்புகள் பேசப்பட்டிருக்கின்றன.

ஆண்டுப் பட்டியல் என்பது ரசனை சார்ந்த விஷயம்தான். ஆனால் ரசனைக்கு வேலை வருவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: எந்த ஆண்டு, எந்த சீசன், எந்தப் பிரிவு. பட்டியல்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

சீசன் என்கிற அலகு

நம் சின்னத்திரை நெடுந்தொடர்களுக்கு சீசன் என்ற கணக்கு பழக்கமில்லை. ஆரம்பித்தால் வாரத்தில் ஐந்தாறு நாள், வருடக்கணக்கில் ஓடும். ‘மெட்டி ஒலி’ 2002இல் தொடங்கி 2005இல் முடிந்தது. அதில் எது எந்த ஆண்டுக்கு உரியது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சி பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கூட ஆண்டு மாதிரி இயங்கியது. செப்டம்பர் வாக்கில் புதுத் தொடர்கள் தொடங்கும். வாரத்துக்கு ஒரு எபிசோடு. 22, 24 எபிசோடுகள் ஓடி மே மாதத்தில் முடியும். கோடை முழுக்க மறுஒளிபரப்பு. அந்த ஓட்டம்தான் ஒரு சீசன். எம்மி விருதின் கணக்காண்டு ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை என்று இருப்பது இந்த ஒழுங்குக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பரீட்சை முடிந்து கோடை விடுமுறையில் விடைத்தாள் திருத்தி, பள்ளி திறக்கும்போது பரிசு கொடுப்பது போல.

ஸ்ட்ரீமிங் வந்ததும் பள்ளிக்கூடம் கலைந்தது. ஒரு சீசனுக்கு ஆறு, எட்டு, பத்து எபிசோடுகள் போதும் என்றானது. எந்த மாதத்திலும் வரலாம், எல்லா எபிசோடும் ஒரே இரவில் வரலாம். இரண்டு சீசன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியும் விழலாம். ‘ஸ்குவிட் கேம்’ முதல் சீசன் 2021 செப்டம்பரில் வந்தது. இரண்டாவது வந்த தேதி 2024 டிசம்பர் 26. தொடர்கள் மாறிவிட்டன, எம்மியின் கணக்காண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்று நாட்காட்டிகள்

1. எம்மி ஆண்டு: ஜூன் 1 முதல் மே 31 வரை. வழக்கமாக விழா செப்டம்பரில்.

2. கோல்டன் குளோப் ஆண்டு: ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. விழா அடுத்த ஜனவரியில்.

3. பத்திரிகை ஆண்டு: பெயரளவில் இதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். ஆனால் பட்டியல்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே அச்சேறிவிடும். அதனால் டிசம்பர் பிற்பாதியில் வரும் தொடருக்கு எந்த ஆண்டிலும் சரியான வீடு கிடையாது.

இவை மூன்றும் எப்படி முட்டிக்கொள்கின்றன என்பதற்கு ‘ஸ்குவிட் கேம்’ இரண்டாம் சீசன் நல்ல உதாரணம். கோல்டன் குளோப் பரிந்துரைகள் 2024 டிசம்பர் 9ஆம் தேதி அறிவிக்கப்பட்டன. சிறந்த டிராமா தொடருக்கான பெயர்களில் அதுவும் இருந்தது. பொதுமக்கள் யாரும் ஒரு எபிசோடுகூடப் பார்த்திராத நேரம் அது! வாக்களிப்பவர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டியிருந்தார்கள். விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் அதே மாதம் வெளியான ரசிகர் பட்டியல்களில் அந்தத் தொடர் இருக்க வழியே இல்லை.

‘ஹாக்ஸ்’ மூன்றாம் சீசன் இதற்கு நேர் எதிர். 2024 மே 2ஆம் தேதி தொடங்கி, மே 30ஆம் தேதி கடைசி எபிசோடு. எம்மி கெடு மே 31. அமெரிக்காவில் ஏப்ரல், மே மாதங்களில் பெரிய தொடர்கள் நெரிசலாக வந்து குவிவதற்குக் காரணம் இதுதான். வாக்களிப்பவர்களின் நினைவு சூடாக இருக்கும்போதே கெடுவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

‘தி பேர்’ ஒவ்வொரு ஆண்டும் ஜூன் கடைசியில் வருவதால் இந்தக் கணக்கின் தவறான முனையில் மாட்டிக்கொள்கிறது. 2023 ஜூனில் வந்த இரண்டாம் சீசன் 2024 செப்டம்பர் விழாவுக்குத்தான் போக முடிந்தது. இறுதி வாக்குப்பதிவு ஆகஸ்டில். அதற்குள் மூன்றாம் சீசன் வந்து, இதென்ன இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று பலரும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். வாக்குச்சீட்டில் இருந்தது இரண்டாம் சீசன், மனதில் இருந்தது மூன்றாம் சீசன். தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாதிப்பே இல்லை என்று சொன்னால் நம்புவதும் கடினம்.

ஒரே ஆண்டில் இரண்டு எம்மி ஏன் வந்தது

2023ஆம் ஆண்டு எம்மி விழா, முறைப்படி அந்த செப்டம்பரில் நடந்திருக்க வேண்டும். ஹாலிவுட் எழுத்தாளர்கள் சங்கம் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை வேலைநிறுத்தம் செய்தது. நடிகர்கள் சங்கம் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை. எழுத வேண்டியவர்களும் இல்லை, மேடையேற வேண்டியவர்களும் இல்லை. விழா 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஆனால் கணக்காண்டை மாற்றவில்லை. 2022 ஜூனில் வெளியான ‘தி பேர்’ முதல் சீசன் பத்தொன்பது மாதம் காத்திருந்து விருது வாங்கிய கதை இதுதான்.

வேலைநிறுத்தத்தின் இரண்டாவது விளைவு கண்ணுக்கு அவ்வளவாகப் படவில்லை, ஆனால் பெரியது. படப்பிடிப்புகள் நின்றதால் பல பெரிய தொடர்களின் அடுத்த சீசன் 2024 மே கெடுவுக்குள் வரவில்லை. ‘சக்சஷன்’, ‘பெட்டர் கால் சால்’ இரண்டும் முடிந்தே போயின. முந்தைய விழாவில் சிறந்த டிராமாவுக்குப் போட்டியிட்ட எட்டுத் தொடர்களில், 2024 செப்டம்பர் பட்டியலுக்குத் திரும்பி வந்தது ‘தி கிரவுன்’ ஒன்றே ஒன்று. மைதானம் காலியாக இருந்தது. அந்த மைதானத்துக்குள் யார் வந்தார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சிரிப்பா, அழுகையா: பிரிவு எப்படி முடிவாகிறது

‘தி பேர்’ பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: இதில் எங்கே இருக்கிறது காமெடி? அண்ணன் தற்கொலை செய்துகொண்டு விட்டுச்சென்ற சாண்ட்விச் கடையைத் தம்பி எடுத்து நடத்துகிறான். கடன், கூச்சல், மூச்சுத்திணறல். இரண்டாம் சீசனில் வரும் கிறிஸ்துமஸ் விருந்து எபிசோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முடியும்போது பார்ப்பவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதில் தாயாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸுக்குக் கிடைத்த எம்மி, ‘நகைச்சுவைத் தொடரின் சிறந்த கௌரவ நடிகை’ விருது. 2024 செப்டம்பர் விழாவைத் தொகுத்து வழங்கிய நடிகர்கள் யூஜின் லெவி, அவர் மகன் டேன் லெவி மேடையில் இதை வைத்துக் கிண்டலடித்தார்கள்.

தொல்காப்பியம் நகையையும் அழுகையையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்தது. மெய்யில் எது படுகிறதோ அதுதான் அங்கே அளவுகோல். எம்மியை வழங்கும் தொலைக்காட்சி அகாடமி சில காலம் கையில் எடுத்தது கடிகாரத்தை. விதிகள் மாறிய வரிசை இது:

1. முதலில் தயாரிப்பாளர் சொல்வதுதான் பிரிவு. ஒரு மணி நேர எபிசோடுகள் கொண்ட ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ 2014இல் நகைச்சுவையாகப் போட்டியிட்டது.

2. 2015இல் விதி இறுகியது. அரைமணி நேரத் தொடர் என்றால் நகைச்சுவை, ஒரு மணி நேரம் என்றால் டிராமா. விலக்கு வேண்டுமென்றால் மனுப்போட வேண்டும். ‘ஆரஞ்ச்’ டிராமாவுக்குத் தள்ளப்பட்டது. விளைவு, உசோ அடூபா என்ற நடிகை ஒரே கதாபாத்திரத்துக்கு 2014இல் நகைச்சுவை விருதும் 2015இல் டிராமா விருதும் வாங்கினார்.

3. 2021 டிசம்பரில் கடிகார விதி கைவிடப்பட்டது. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மறுபடி தயாரிப்பாளர் கைக்கு வந்தது. கேள்வி எழுந்தால் அகாடமி பரிசீலிக்கும்.

ஆக ‘தி பேர்’ நகைச்சுவைப் பிரிவில் நின்றது அதன் தயாரிப்பாளர்கள் விரும்பியதால். அதில் லாபக்கணக்கு தெளிவாகவே தெரிகிறது. கனமான நடிப்பு, இலகுவான நடிப்புகளுக்கு நடுவே வைக்கப்பட்டால் இன்னும் கனமாகத் தெரியும். 2024 செப்டம்பரில் 23 பரிந்துரைகள், 11 விருதுகள். இரண்டுமே ஒரே ஆண்டில் ஒரு நகைச்சுவைத் தொடர் பெற்றவற்றில் அதுவரை அதிகபட்சம். அதே இரண்டாம் சீசன் டிராமாவில் நின்றிருந்தால் எதிரே நின்றிருக்கும் தொடர் ‘ஷோகன்’.

‘ஷோகன்’ மாற்றிக்கொண்ட பெட்டி

‘லிமிடெட் சீரிஸ்’ என்பது கதை ஒரே சீசனில் முடிந்துபோகும் குறுந்தொடர். எம்மி விதிப்படி குறைந்தது இரண்டு எபிசோடுகள், மொத்தம் 150 நிமிடங்களாவது இருக்க வேண்டும். அதே கதையோ அதே முக்கியப் பாத்திரங்களோ அடுத்த சீசனில் தொடரக் கூடாது.

1975இல் வெளியான ‘ஷோகன்’ நாவல் முதலில் 1980இல் தொலைக்காட்சித் தொடரானது. 1981 எம்மியில் லிமிடெட் சீரிஸ் விருதையும் வென்றது. புதிய ‘ஷோகன்’ 2024 பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரலில் பத்து எபிசோடுகளோடு நிறைவடைந்தது. நாவல் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிட்டது. எனவே இதுவும் லிமிடெட் சீரிஸ் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள், விளம்பரமும் அப்படித்தான். மே மாதம், கெடு நெருங்கும் வேளையில், மேலும் இரண்டு சீசன்களுக்கான வேலை தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. அத்தோடு அது டிராமா பிரிவுக்கு மாறியது.

அந்த ஒரு அறிவிப்பு மூன்று இடங்களில் அலையடித்தது.

1. வேலைநிறுத்தத்தால் காலியாகக் கிடந்த டிராமா பிரிவில் ‘ஷோகன்’ நுழைந்தது. 25 பரிந்துரைகள், 18 விருதுகள். எந்தத் தொடரும் ஒரே சீசனில் அதற்கு முன் இத்தனை எம்மி வாங்கியதில்லை. பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் பேசும் ஒரு தொடர் சிறந்த டிராமா ஆனதும் அதுவே முதல் முறை. ஹிரோயுகி சனாடாவும் அன்னா சவாயும் நாயகன், நாயகி விருதுகளை வாங்கினார்கள்.

2. லிமிடெட் பிரிவில் ஒரு பெரிய போட்டியாளர் குறைந்தது. ‘பேபி ரெயின்டீர்’, ‘ரிப்ளி’, ‘ஃபார்கோ’, ‘ட்ரூ டிடெக்டிவ்: நைட் கன்ட்ரி’, ‘லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி’ ஆகிய ஐந்தும் மோதின. ‘பேபி ரெயின்டீர்’ வென்றது.

3. மூல நாவல் தீர்ந்த பிறகும் கதையை நீட்டியாக வேண்டிய கட்டாயம் எழுத்தாளர்கள் தலையில் விழுந்தது. பார்வையாளர்கள் இதன் பலனை இனிமேல்தான் பார்ப்பார்கள்.

பெட்டி மாறுவது புதிதல்ல. ‘டவுன்டன் ஆபி’, ‘பிக் லிட்டில் லைஸ்’, ‘த வைட் லோட்டஸ்’ மூன்றும் குறுந்தொடராக வென்று பிறகு டிராமாவுக்குப் போனவை. ‘ட்ரூ டிடெக்டிவ்’ மட்டும் எதிர்த்திசையில் நடந்தது: ஒவ்வொரு சீசனும் தனிக்கதை என்றாலும் 2014இல் டிராமாவில் நின்று ‘பிரேக்கிங் பேட்’டிடம் தோற்றது, பின்னர் வந்த சீசன்கள் லிமிடெட் பிரிவுக்கு இடம்பெயர்ந்தன.

இந்தியச் செய்திகளில் வரும் எம்மி வேறு

‘டெல்லி கிரைம்’ 2020இல் வாங்கியதும், வீர் தாஸ் 2023இல் வாங்கியதும் ‘இன்டர்நேஷனல் எம்மி’. அதைக் கொடுப்பது நியூயார்க்கில் உள்ள தனி அமைப்பு. அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் நிகழ்ச்சிகளுக்கானது. மேலே பேசியதெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தொலைக்காட்சி அகாடமியின் ‘பிரைம்டைம் எம்மி’. கொரியத் தொடரான ‘ஸ்குவிட் கேம்’ போட்டியிட்டது இந்தப் பிரைம்டைம் எம்மியில். அமெரிக்க நிறுவனம் தொடக்கத்திலிருந்தே கூட்டாளியாக இருந்து, அமெரிக்கப் பார்வையாளரையும் குறிவைத்து எடுத்த தொடருக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. செய்தித்தலைப்புகளில் இரண்டையும் வெறும் ‘எம்மி’ என்றே எழுதிவிடுவது நம் ஊடகங்களின் வழக்கம்.

ஒரு ரசிகரின் பட்டியல் எந்த விதியில் நிற்கும்

விருது அமைப்புகளின் நாட்காட்டியை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதாவது ஒரு விதி வேண்டும்; இல்லையென்றால் போன வருடம் விட்டுப்போனதை இந்த வருடம் பார்த்துவிட்டு ‘இந்த ஆண்டின் சிறந்தது’ என்று எழுதிவிடுவோம். கீழே உள்ள பட்டியலுக்கு நான் வைத்துக்கொண்ட விதிகள்:

1. கடைசி எபிசோடு வெளியான தேதி 2024 ஜனவரி 1க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் இருக்க வேண்டும்.

2. கணக்கில் வருவது அந்த சீசன் மட்டும். முந்தைய சீசனின் பெருமைக்கு மதிப்பெண் கிடையாது.

3. நகைச்சுவை, டிராமா, குறுந்தொடர் என்ற பிரிவு இல்லை.

4. அந்த சீசனுக்குள் ஒரு கதையோட்டம் முழுமையடைந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குக் கொக்கி போடலாம். பாதிக்கதையை அறுத்துக் கொடுக்கக் கூடாது.

இந்த விதிகளில் முதலிடம் ‘ரிப்ளி’க்கு. எட்டு எபிசோடுகளையும் ஸ்டீவன் ஸைலியனே எழுதி இயக்கியிருக்கிறார்; கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பு வெள்ளை. ராபர்ட் எல்ஸ்விட்டின் ஒளிப்பதிவுக்கும் ஸைலியனின் இயக்கத்துக்கும் எம்மி கிடைத்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் என்றால் ஃபோனை நோண்டிக்கொண்டே பார்க்கலாம் என்ற பழக்கத்தை இது அனுமதிப்பதில்லை. கொலை ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிணத்தை என்ன செய்வது என்கிற வேலை நிமிடக்கணக்கில், வசனமே இல்லாமல் நீள்கிறது. நங்கூரம், கயிறு, நிற்காத மோட்டார், ஈரச் சட்டை. குற்றம் என்பது உடல் உழைப்பு என்று இத்தனை பொறுமையாகக் காட்டிய தொடர் வேறு எனக்கு நினைவில் இல்லை. ரோம் குடியிருப்பின் படிக்கட்டில் நடப்பதையெல்லாம் ஒரு பூனை பார்த்துக்கொண்டிருக்கும். சாட்சி அது ஒன்றுதான்.

இரண்டாவது ‘ஷோகன்’. அதில் மொழிபெயர்ப்பாளராக வரும் மரிக்கோ பாத்திரம்தான் கதையின் அச்சு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும் இடைவெளியில் அவர் எதை விடுகிறார், எதை மெருகேற்றுகிறார் என்பதில் அரசியல் நடக்கிறது. வசன வரிகளைப் படித்துப் படித்தே உலகத் தொடர்களைப் பார்க்கும் நமக்கு அந்த விளையாட்டு சட்டென்று பிடிபடும்.

‘தி பெங்குவின்’ செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. ஜனவரி 2025 கோல்டன் குளோப் வந்தபோது புத்தம்புதிதாக இருந்தது, செப்டம்பர் 2025 எம்மி வந்தபோது ஏறக்குறைய பத்து மாதப் பழசு. ஆனாலும் கிறிஸ்டின் மிலியோட்டியை யாரும் மறக்கவில்லை, விருது கொடுத்தார்கள். சோஃபியா பாத்திரத்தின் கடந்த காலத்தைச் சொல்லும் நான்காவது எபிசோடு ஒன்றுக்காகவே இது பட்டியலில் இருக்கிறது.

‘ஸ்லோ ஹார்ஸஸ்’ நான்காம் சீசன், ஆறே எபிசோடு. கேரி ஓல்ட்மேனின் அழுக்கு ஓவர்கோட்டைத் தாண்டி, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் முன்னாள் உளவாளியாக ஜோனதன் பிரைஸ் செய்தது தனி. அந்த செப்டம்பரில் இந்தத் தொடருக்கு எழுத்துக்கான எம்மி கிடைத்தது மூன்றாம் சீசனுக்காக. நான்காம் சீசன் அப்போது பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. விருது வாங்கிய எழுத்தாளரின் பெயர் வில் ஸ்மித். நடிகர் வில் ஸ்மித் அல்ல. குழப்பத்துக்கு இதுவும் ஒரு கூடுதல் பங்களிப்பு.

‘ஹாக்ஸ்’ மூன்றாம் சீசன் ஐந்தாவது. உண்மையிலேயே சிரிக்க வைத்தது என்பதால்.

‘தி பேர்’ மூன்றாம் சீசன் நான்காவது விதியில் அடிபட்டுவிடுகிறது. உணவகத்தைப் பற்றிய விமர்சனம் வருமா, எப்படி வரும் என்ற பதற்றத்தில் சீசன் முழுவதும் போகிறது. கடைசிக் காட்சியில் அது வந்து சேர்கிறது. நாயகன் ஃபோனில் படிக்கிறான். நம் கண்ணுக்குச் சில சொற்கள் மட்டும் பளிச்சிட்டு மறைகின்றன. பிறகு திரையில் வரும் அட்டை, எந்தத் தமிழ் சீரியல் ரசிகருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாத ஒன்று: ‘தொடரும்’.